நீலக் கிண்ணமும் மேற்சொன்ன கணவனும்

ரீட்டா வாயைத் திறக்கவில்லை.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்துப் போகும் ஓர் ஒடுக்கமான ஒழுங்கை. அங்கே இரண்டாம் மாடியில் ஒரு வகுப்பறை. சனிக்கிழமை காலை. வெள்ளைப் பலகைக்கு முன்னால் நானும் என் மனைவியும், கலியாண வீட்டில் போட்டோக்காரர் நிற்க வைத்ததைப்போல, தோளோடு தோள் ஒட்டி நிற்கிறோம். எதிரே எங்கள் வகுப்புத் தோழர்கள். தோழர்கள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். எல்லோருக்கும் எங்கள் பிள்ளைகளாகப் பிறந்திருக்கக்கூடிய வயது.

என் பங்கை நான் முடித்துவிட்டேன். ஓர் ஆங்கிலக் கவிதை. அதிலுள்ள கடினமான சொற்களுக்கு அர்த்தம், வசனங்களின் இலக்கணம், இரண்டையும் ஒப்புவித்தாயிற்று. இனி ரீட்டாவின் பங்கு. கவிதை என்னதான் சொல்கிறது என்பதை அவள் சொல்ல வேண்டும்.

அவள் கையிலிருந்த தாள் நடுங்கியது. மின்விசிறிக் காற்றில்தான் நடுங்குகிறது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு மேலே பார்த்தேன். மின்விசிறி ஓடவில்லை.

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் பல்லுப் பிடுங்கப் போய், கதிரையிலிருந்து எழுந்து ஓடிவந்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ரீட்டா, "பல்லுக்கு மட்டுந்தான் பயந்த ஆளா நீங்க? வெள்ளவத்தையில நடந்ததையும் எழுதுங்க. நான் பயந்ததையும் சேர்த்தே எழுதுங்க, பரவாயில்ல" என்றாள். உத்தரவு கிடைத்துவிட்டது. எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

ரீட்டா கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் ஓர் இராணி. ஒரு புருவத்தை உயர்த்தினால் போதும், பின்வரிசை வாங்கில் இருக்கிற பயல் வாயிலிருக்கும் டொபியை விழுங்கிவிடுவான்.

ஆனால் பெரியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து அவளைப் பார்த்தால் சரி, பேச்சு நின்றுவிடும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் தனியாக வந்தால் அரை மணித்தியாலம் கதைப்பாள். அதே தாய், மற்றத் தாய்மாரோடு சேர்ந்து உட்கார்ந்தால் வணக்கம் சொல்வதற்கே தண்ணீர் கேட்பாள்.

பள்ளிக்கூடத்துக்குப் புதிய அதிபர் வந்தார். பட்டம் இல்லாதவர்கள் இனி வகுப்பெடுக்க முடியாது என்றார். படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கொஞ்சக் காலம் தவணை உண்டு. தவணைக்குள் முடிக்காவிட்டால் அலுவலகத்தில் ஒரு மேசை. "மேசை எனக்கு எதுக்கு? மேசை புருவத்தப் பாத்துப் பயப்படுமா?" என்று ரீட்டா அன்று இரவு சமையலறையில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தாள். ஆங்கில இலக்கியம். எழுத்தில் கெட்டிக்காரி. ஆனால் அங்கே ஒரு விதி. ஒவ்வொருவரும் ஒரு கவிதையை வகுப்புக்கு முன்னால் நின்று விளக்க வேண்டும். அதில் தேறினால்தான் ஆண்டிறுதிப் பரீட்சைக்குத் தோற்ற விடுவார்கள்.

முதல் வருடம் அவள் முன்னால் போய் நின்றாள். வகுப்பைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி நேரே பஸ் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டாள். அந்த வருடப் பரீட்சை அப்படியே போயிற்று. அதிபர் கொடுத்த தவணையில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு வருடம்தான்.

என் காது சுட்ட கதை

இந்த முறை விதியில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. இருவர் சேர்ந்து விளக்கலாம். சோடிக்கு ஒரே புள்ளி, தேறினால் இருவரும், தவறினால் இருவரும்.

செய்தி கேட்டதும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. "அதுக்கென்ன ரீட்டா, நானும் பதியிறன். உமக்குப் பக்கத்தில நான் நிப்பன்."

சொல்லி முடித்ததும் எனக்குக் காது சுட்டது. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வயிறு கலக்கும், உள்ளங்கை வியர்க்கும். எனக்குக் காது. அந்த இரவு முழுக்க இரண்டு காதிலும் ஈரத்துணி வைத்துக்கொண்டு படுத்தேன்.

நான் புதுக்கடைப் பகுதியில், நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறமாக உள்ள ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். அவர் நொத்தாரிசும்கூட. காணி உறுதி என்கிற நிலப் பத்திரங்களைத் தட்டெழுதுவதும், எழுதியதை மூலப் பிரதியோடு ஒத்துப்பார்ப்பதும்தான் என் வேலை. ஆகையால் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. காணி விற்கிற ஆங்கிலம் நன்றாகவே தெரியும். மற்ற ஆங்கிலம்தான் தெரியாது.

முதல்நாள் வகுப்பில் ஷாமினி மிஸ் ஒவ்வொருவராக எழுந்து தங்களை அறிமுகப்படுத்தச் சொன்னார். மிஸ்ஸுக்கு முப்பது வயதிருக்கும். பருத்திச் சேலை, குரலை உயர்த்தாத ஆள், அதனாலேயே இன்னும் பயங்கரம். ரீட்டா மெல்லிய குரலில் பெயரைச் சொல்லி உட்கார்ந்தாள். அடுத்தது நான். எழுந்தேன். என் ஆங்கிலம் முழுவதும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்தது.

"நான் மேற்சொன்ன ரீட்டாவின் கணவன். கொட்டாஞ்சேனையில் வசிப்பவன். இங்கே தோற்றமளிக்கிறேன்" என்று உறுதி ஆங்கிலத்தில் முழங்கினேன்.

முன்வாங்கில் இருந்த ருஷ்தா என்ற பிள்ளை பர்தாவின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் எனக்குப் பெயர் 'மேற்சொன்ன அங்கிள்'.

மாமனார் கொடுத்த சான்றிதழ்

இந்த நோய் எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புதுக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணை விரும்பி, பெண் கேட்டுத் தனியாகவே போனவன் நான். ரீட்டாவின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல்காரர்களோடு பழகிய ஆங்கிலம். என்னை உட்காரவைத்து, "என்ன செய்கிறாய், எங்கே இருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் என் வேலை, வதிவிடம், அந்த வதிவிடத்தின் வடக்கு எல்லை, கிழக்கு எல்லை வரை சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ரீட்டா, பொடியன் கோர்ட்டுச் சமன்ஸ் மாதிரிக் கதைக்கிறான். ஆனா ஒண்டு, சமன்ஸ் பொய் சொல்லாது. கட்டு" என்றார்.

அவர் இப்போது இல்லை. என் ஆங்கிலத்துக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான்.

எல்லாச் சொல்லும் தெரியும்

மிஸ் எங்களுக்குக் கொடுத்தது ஒரு பக்கத்துக்குள் அடங்கிய கவிதை. எழுதியவரின் பெயரை வெட்டிவிட்டுத்தான் பிரதி எடுத்திருந்தார். பெயர் தெரிந்தால் போனில் தேடிவிடுவார்கள் என்ற முற்காப்பு.

கதை சின்னது. குளிர்நாட்டில் தனியாக வாழும் ஒரு மனிதன் காய்ச்சலில் கிடக்கிறான். பக்கத்து வீட்டுக் கிழவி ஒரு நீலக் கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் குணமாகிறான். கிண்ணத்தைக் கழுவி யன்னல் விளிம்பில் வைக்கிறான். நாள் போகிறது. 'வீட்டில் எதுவும் இருக்கவில்லை' என்று ஒரு வரி. பிறகு ஒருநாள் கிழவியின் வீட்டுத் திரைகள் மூடியிருக்கின்றன. கறுப்பு உடுப்போடு ஆட்கள் வந்து போகிறார்கள். கடைசியில் அவன் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டு வாசல் கேற்வரை போகிறான். கிண்ணத்துக்குள் பார்க்கிறான். திரும்பி நடக்கிறான். அவ்வளவுதான்.

நான் என் தலைமுறைக்குத் தெரிந்த முறையில் வேலையைத் தொடங்கினேன். பென்சிலைக் கூராக்கி, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தலைக்கு மேலே ஒரு தமிழ்ச் சொல். யன்னல் விளிம்பு. தாழ்ப்பாள். பனி. தெரிந்த சொல்லுக்கும் எழுதினேன். கிழவி என்பதற்கு மேலே கிழவி என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் மேலே எறும்பு வரிசைபோல இன்னொரு வரி. வாசிக்கும்போது எறும்பைத்தான் வாசிப்போம்.

பிறகு இலக்கணம். எது எழுவாய், எது பயனிலை, எந்த வினை எந்தக் காலம். உறுதியில் இது முக்கியம். விற்பவர் யார், வாங்குபவர் யார் என்பது குழம்பினால் ஒரு குடும்பமே நீதிமன்றத்தில் குடியிருக்கும். ஆகையால் அதிலும் குறைவைக்கவில்லை. அம்புக்குறி போட்டு, கோடு இழுத்து, கவிதையை ஒரு நில அளவைப் படமாக மாற்றிவிட்டேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். எல்லாச் சொல்லும் தெரியும். எல்லா வசனமும் பிரித்தாயிற்று. ஆனால் அந்த மனிதன் ஏன் கேற்வரை போனான், ஏன் உள்ளே கொண்டுபோய்க் கொடுக்காமல் திரும்பினான் என்பது மட்டும் விளங்கவில்லை.

"ரீட்டா, உமக்கு விளங்குதா?"

"கொஞ்சம் விளங்குற மாதிரி இருக்கு. சொல்ல வருதில்ல."

"சொல்ல வராட்டி விளங்கேல்லை எண்டுதானே அர்த்தம்?"

"இல்ல. உங்கள ஏன் கட்டினேன் எண்டு கேட்டாலும் எனக்குச் சொல்ல வராது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆபத்தான இடம் அது.

ஒத்திகைக்காக நான் கவிதையைச் சத்தமாக வாசித்தேன். புதுக்கடையில் உறுதியை ஒத்துப்பார்க்கும்போது ஒருவர் வாசிப்பார், மற்றவர் பிரதியில் விரல் வைத்துப் பின்தொடர்வார். கமா வந்தால் கமா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முற்றுப்புள்ளி வந்தால் முற்றுப்புள்ளி. எனக்கு வேறு விதமாக வாசிக்க வராது. "அவள் வந்தாள் கமா கிண்ணத்தோடு கமா நீலக் கிண்ணம் முற்றுப்புள்ளி" என்ற ரீதியில் நான் போக, ரீட்டா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். வகுப்பு நாளைப் பற்றிக் கதைத்தால் அழுதுவிடுவாள்போல இருந்தவள் அப்படிச் சிரித்ததில், கவிதை விளங்காவிட்டாலும் போகட்டும் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் ஒரு திட்டம் போட்டோம். சொல்லும் இலக்கணமும் நான். பொருள் அவள். பொருளுக்கு நான் போனில் ஒரு பதில் எடுத்துக் கொடுத்தேன். கேட்ட உடனேயே போன் எழுதிக் கொடுத்துவிட்டது. கிண்ணம் தனிமையின் குறியீடு, நீலம் துயரத்தின் குறியீடு, பனி மரணத்தின் குறியீடு. நான் போட்ட எறும்பு வரிசையைவிட மோசமில்லை. ரீட்டா அதைப் பாடமாக்கினாள். முகம் மட்டும், பழைய மீன் வாங்கியவளைப்போல இருந்தது.

கிண்ணத்தின் மீது உரிமை

இனி நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பலகைக்கு முன்னால் ரீட்டா. நடுங்கும் தாள். ஓடாத மின்விசிறி.

"ரீட்டா, தொடங்கலாமே" என்றார் மிஸ். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் இன்னும் பயமாக இருந்தது.

வாங்குகளில் இருந்த எல்லாக் கண்களும் அவள்மேல். அவள் பார்வை மெல்ல நகர்ந்து, மேசையின்மேல் வைத்திருந்த தன் பையில் போய் நின்றது. எனக்கு அந்தப் பார்வை விளங்கியது. அடுத்தது படி, அதற்கடுத்தது பஸ் தரிப்பிடம்.

என் காது இரண்டும் கொதித்தன. அவள் போய்விட்டால் பரீட்சை போயிற்று. பரீட்சை போனால் மூன்றாம் வகுப்பு போயிற்று. எதையாவது சொல்லி நேரத்தை நிரப்பு, அவளுக்கு மூச்சு வரும்வரை நிரப்பு என்று மனம் கத்தியது. எதை நிரப்புவது? என்னிடம் இருந்தது ஒரே ஒரு சாமான்தான்.

"கனம் மிஸ் அவர்களே" என்று உறுதி ஆங்கிலத்தில் தொடங்கினேன். "இந்தக் கவிதையில் உள்ள பிரச்சினை, கிண்ணத்தின் உரிமை யாருக்கு என்பதாகும்."

வகுப்பு நிமிர்ந்தது.

"கிண்ணம் கிழவியின் அசையும் சொத்து. அது இந்த மனிதனின் ஆட்சியில், அதாவது கைவசத்தில், இருக்கிறது. கிழவி கேட்கவில்லை. இவரும் கொடுக்கவில்லை. நாள் போகிறது. காலம் போகப் போக ஆட்சி உரிமையாகும் என்பதை இவர் அறிந்தவர். ஆகையால் பேசாமல் இருக்கிறார். கிழவி காலமானதும் வாரிசுகள் வருகிறார்கள், கறுப்பு உடுப்போடு. இவர் கேற்வரை போகிறார். கிண்ணத்தின் உள்ளே பார்ப்பது, வெடிப்பு, கீறல் ஏதும் உண்டா என்று பரிசோதிப்பதற்காக. பிறகு சட்ட ஆலோசனையின் பேரில் திரும்பிவிடுகிறார்."

பின்வாங்கு விழுந்து விழுந்து சிரித்தது. ருஷ்தா மேசையில் கவிழ்ந்துவிட்டாள். மிஸ் பேனையை மூடி வைத்தார். பேனையை மூடினால் புள்ளி போட ஒன்றுமில்லை என்று அர்த்தமாயிருக்கலாம். சோடிக்கு ஒரே புள்ளி என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவளைக் காப்பாற்ற வெளிக்கிட்டு அவளையும் சேர்த்து மூழ்கடித்துவிட்டேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

"என்னது, உரிமையா?"

ரீட்டா. முழுதாக என் பக்கம் திரும்பியிருந்தாள். தாள் நடுங்கவில்லை. ஒரு புருவம் மேலே போயிருந்தது.

"கிண்ணத்தப் பத்தி உங்களுக்கு என்ன மனுஷா தெரியும்? கல்யாணம் கட்டின நாளில இருந்து ஒரு நாளாவது பக்கத்து வீட்டுக் கிண்ணம் கோப்பையத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்களா?"

"இல்லை, அது வந்து..."

"முன் வீட்டு ஜெசிந்தா அக்கா கிறிஸ்மஸுக்குக் கேக் அனுப்புவா, தின்னுவீங்க. மேல் வீட்டு உம்மா நோன்புக் கஞ்சி அனுப்புவாங்க, வழிச்சுக் குடிப்பீங்க. அந்தக் கோப்பையெல்லாம் என்ன, கால் முளைச்சா திரும்பிப் போகுது?"

வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. சண்டை என்றால் எந்த ஊரிலும் சனம் அமைதியாகத்தான் பார்க்கும்.

"வெறும் கோப்பையக் குடுக்க ஏலாது! ஏதாவது வச்சுத்தான் குடுக்கணும். பலகாரம் இருந்தாப் பலகாரம், பழம் இருந்தாப் பழம். ஒண்டுமே இல்லாட்டி ஒரு பிடி சீனியாவது போட்டுக் குடுக்கணும். அது தெரியாம வந்துட்டார், உரிமையாம், உரிமை!"

"ஆங்கிலத்தில், ரீட்டா" என்றார் மிஸ், மிக மெதுவாக.

ரீட்டா தலையைத் திருப்பவில்லை. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. ரயில் தண்டவாளம் மாறுவதைப்போல ஆங்கிலத்துக்கு மாறினாள். வகுப்பு, மிஸ், பரீட்சை எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டன. எனக்கு மட்டும்தான் சொன்னாள், ஒரு மண்டுப் பையனுக்குச் சொல்வதைப்போல.

"அவன் தனி ஆள். சமைக்கத் தெரியாதவன். கிண்ணத்தைக் கழுவிவிட்டான். ஆனால் அதில் வைத்துக் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. 'வீட்டில் எதுவும் இருக்கவில்லை' என்று அவன் சொல்வது பசியை அல்ல. வைப்பதற்கு எதுவும் இல்லை என்பதை. நாளைக்கு ஏதாவது வாங்கலாம் என்று நினைக்கிறான். நாளைக்கு, நாளைக்கு என்று போகிறது. அவள் இறந்துவிடுகிறாள். அப்போதும் போகிறான். கேற்றடியில் நின்று உள்ளே பார்க்கிறான். இன்னமும் வெறுங்கிண்ணம். எப்படி உள்ளே போவான்? அவன் திருடனில்லை. வெட்கப்படுகிறான். நன்றி சொல்லத் தெரியாத ஆள். அவ்வளவுதான்."

என் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். 'எதுவும்' என்ற சொல்லுக்கு மேல் அர்த்தம் எழுதியிருந்தேன். 'உள்ளே' என்பதற்கு மேல் எழுதியிருந்தேன். இரண்டும் சரியான அர்த்தங்கள்தான். எத்தனையோ வீட்டுக் கோப்பைகளில் தின்றவன் நான். தின்றது தெரியும். அவை எப்படி அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

ரயில் போகும்வரை

முதலில் ருஷ்தா கையை உயர்த்தினாள். "எங்கட உம்மாவும் அப்படித்தான் மிஸ். வெறும் பீங்கான் கோப்பையத் திருப்பிக் குடுத்தா ஏசுவாங்க." பின்வாங்கிலிருந்த ஒரு சிங்களப் பையன், "அபே கெதரத் எஹெமய்" என்றான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்கிறான். ஒரு நிமிடத்தில் வகுப்பு முழுவதும் தங்கள் தங்கள் வீட்டுக் கோப்பைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டது.

மிஸ் கையமர்த்தினார். "ரீட்டா, ஒரு கேள்வி. இது நம்முடைய வழக்கம். அந்தக் குளிர்நாட்டிலும் இந்த வழக்கம் உண்டென்று எப்படிச் சொல்வீர்கள்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இது போனில் இல்லாத கேள்வி.

ரீட்டா இப்போதுதான் வகுப்பின் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நேரமும் அவர்கள் அங்கேதான் இருந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் வெளிறியது. கை என் சட்டைக்கையைப் பிடித்தது. ஆனாலும் குரல் வந்தது.

"எனக்குத் தெரியாது மிஸ். அங்கே அந்த வழக்கம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வெறுங்கிண்ணம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் உள்ளே பார்க்கிறான். வேறு என்னத்துக்குப் பார்ப்பான்?"

மிஸ் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் வந்தது.

வெள்ளவத்தையில் படித்தவர்களுக்குத் தெரியும். ரயில் வந்தால் உலகம் நிற்கும். யன்னல் கண்ணாடி அதிரும். டீச்சர் பாதிச் சொல்லோடு காத்திருப்பார். பிள்ளைகள் அந்த இடைவெளியில் வம்பு பேசி முடிப்பார்கள். எங்கள் தீர்ப்பு மிஸ்ஸின் வாயில் பாதியில் நிற்க, பெட்டி பெட்டியாக ரயில் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நீளமான ரயிலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ரயில் போய் முடிந்தது. மிஸ் பேனை மூடியைக் கழற்றினார்.

"தேறிவிட்டீர்கள்" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, "இரண்டு பேரும்" என்பதைக் கொஞ்சம் கஷ்டப்பட்டுச் சேர்த்தார். "ரீட்டா, உங்கள் கணவரின் அந்தச் சட்டப் பகுதியை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது?"

"அத விட்டுருங்க மிஸ்" என்றாள் ரீட்டா.

காலி வீதியில் ஒரு தேத்தண்ணி

வகுப்பு முடிந்து காலி வீதிக்கு வந்து ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு பால் தேத்தண்ணியும் உழுந்து வடையும். ரீட்டா வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டாள். காலையில் ஒரு துண்டு பாண்கூட இறங்காதவள்.

"உங்களுக்குக் கோவமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"எல்லார் முன்னாலயும் ஏசிட்டேன்."

"நீர் ஏசினதாலதானே எனக்கும் புள்ளி வந்தது. அடுத்த முறையும் ஏசும்."

சிரித்தாள். பிறகு வெளியே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த முறை இல்லத்தானே" என்றாள். "இனி வகுப்பும் எழுத்துச் சோதினையும் மட்டுந்தான். அதுக்கு நான் தனியாப் போவேன். நீங்க இந்தப் பாட்டையெல்லாம் எனக்காகத்தானே பட்டீங்க. எனக்குத் தெரியும். போதும். சனிக்கிழமையில வீட்டில இருந்து கிரிக்கெட் பாருங்க."

அந்த வார்த்தைக்காக எத்தனை சனிக்கிழமை காத்திருந்தேன்! விடுதலை. இனி வகுப்பு இல்லை, மேற்சொன்ன அங்கிள் இல்லை. சம்மதமாக ஓம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது.

ஓம் வரவில்லை.

என் மனைவி தனியாகப் போவேன் என்று எந்த நடுக்கமும் இல்லாமல் சொல்கிறாள். நான் விரும்பியது அதைத்தான். அதற்காகத்தான் பதிந்தேன். ஆனால் அவள் அந்தப் படியில் தனியாக ஏறிப்போவதையும், நான் வீட்டில் சாறத்தோடு கிடந்து யாரோ பந்து போடுவதைப் பார்ப்பதையும் நினைத்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ வெறுமையாக இருந்தது. பல்லுப் பிடுங்கும் கதிரையில்கூட நான் இப்படிக் கலங்கவில்லை.

"எனக்கு அந்தக் கவிதை இன்னும் முழுசா விளங்கேல்லை" என்றேன்.

"இன்னும் என்ன?"

"அவன் கேற்றடியில இருந்து திரும்பி நடந்தான்தானே. வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கிண்ணத்தை எங்க வச்சிருப்பான்? திரும்பவும் யன்னலிலயா? இல்லாட்டி கண்ணில படாத இடத்திலயா?"

ரீட்டா வடையைக் கீழே வைத்தாள். உதட்டோரம் என்னவோ துடித்தது.

"அது கவிதையில இல்ல."

"இல்லைத்தான். அதுதான் யோசிக்கிறன்."

"அப்ப வர்ற சனிக்கிழமை மிஸ்ஸிட்டக் கேளுங்க."

"கேக்கத்தான் போறன்."

"இங்கிலிஷ்ல கேக்கணும்" என்றாள்.

தேத்தண்ணி எனக்குப் புரைக்கேறியது. மேற்சொன்ன ரீட்டா என் முதுகில் தட்டினாள். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினாள்.